ஈழத்து இரு தலங்களும் ஒரு நாற்பதாயிரமும்

பாடல் பெற்ற சிவத்தலங்களை ஒவ்வொன்றாகத் தரிசித்து வரும் அன்பர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். காவிரி வடகரை, தென்கரை, தொண்டை நாடு, நடுநாடு, பாண்டிநாடு, கொங்குநாடு என்று பேருந்திலும் ரயிலிலும் சென்று வருகிறார்கள். ஆனால் ஓரிடத்தில் எல்லோருக்கும் தயக்கம் வந்துவிடுகிறது. அந்த இடம் கடல். திருக்கோணமலை, திருக்கேதீச்சரம் என்னும் ஈழநாட்டுத் தலங்கள் இரண்டும் அக்கரையில் இருக்கின்றன. திருஞானசம்பந்தர் இவ்விரண்டையும், சுந்தரர் திருக்கேதீச்சரத்தையும், இராமேசுவரத்தில் எழுந்தருளியிருந்தபோதே பாடினார்கள் என்பது மரபு. அவர்களுக்குப் பயணச்சீட்டு தேவைப்படவில்லை. நமக்குத் தேவைப்படுகிறது; அதுவும் கோடை விடுமுறையில் கிளம்புவதென்றால், விலையைப் பார்த்தவுடனேயே பலருக்கு ஆசை அடங்கிவிடுகிறது.

எங்கள் வீட்டில் அந்த ஆசை அடங்காமல் இருந்ததற்கு என் மாமியாரின் நோட்டுப் புத்தகம் காரணம். அவர் தம் இரு பெண்களையும் கூட்டிக்கொண்டு சென்ற தலங்களையெல்லாம் அதில் வரிசையாக எழுதி, தரிசித்த நாளையும் குறித்து வைத்திருந்தார். அவர் காலமான பிறகு விட்டுப்போன தலங்களை மகள்கள் இருவரும் தொடர்ந்து முடித்தார்கள். வடநாட்டுத் தலங்கள் சிலவற்றையும் ஈழத்தின் இரண்டையும் தவிர மற்றெல்லாவற்றுக்கும் எதிரே தேதி விழுந்துவிட்டது. என் மனைவிக்கு மூட்டு வலி. “படி ஏறி இறங்குவதையெல்லாம் இந்த ஓராண்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்” என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே போவதென்றால் 2025ஆம் ஆண்டுக் கோடையில் போக வேண்டும் என்றாயிற்று.

வேறு மாதத்தில் போயிருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஓய்வூதியம் பெறும் எனக்கு எந்த மாதமும் ஒன்றுதான். ஆனால் என் மனைவியின் தங்கை தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. கணவரை இழந்தவர். மே மாதத்தை விட்டால் அவருக்குச் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் கிடைக்காது. அவர் இல்லாமல் என் மனைவி கிளம்ப மாட்டாள். செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம் என்று சொன்னபோது மைத்துனி தந்த பதில் இது: “அத்தான், எனக்குச் சீட்டு எடுத்த பணம் நாற்பதாயிரம் இருக்கிறது. அதற்குள் முடியுமென்றால் நானும் வருகிறேன். அதற்கு மேல் ஆகுமென்றால் நீங்களும் அக்காவும் போய் வாருங்கள்; எனக்கு விபூதி கொண்டு வாருங்கள், போதும்.”

அவர் குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. வட்டி, தவணை, பிணை என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கியில் மனிதர்களைப் பார்த்தவன் நான். ஒருவர் தம் பங்கைத் தாமே கொடுப்பேன் என்று சொல்லும்போது அதைத் தட்டிக் கழிப்பது உதவி ஆகாது என்பதை அறிவேன். எனவே தலைக்கு நாற்பதாயிரம் என்பது மேல்வரம்பாயிற்று. இதில் என் வசதிக்கென்று தனிக் கணக்கு கிடையாது. மூவருக்கும் ஒரே வகைச் செலவு. இந்த எல்லைக்குள் இரு தலங்களையும் தரிசித்து வரவேண்டும்.

முதலில் ஒரு சுற்றுலா முகவரிடம் விசாரித்தேன். தலைக்கு எழுபத்தையாயிரத்துக்குக் குறையாது என்றார். அவர் தந்த பட்டியலைப் படித்துப் பார்த்தால் கண்டி, நுவரெலியா, தேயிலைத் தொழிற்சாலை, மணிக்கல் கடை, தென்கடற்கரை எல்லாம் இருந்தன. கேதீச்சரம் இல்லை. கோணேசர் கோயில் “நேரமிருந்தால்” என்ற குறிப்போடு இருந்தது. நாம் கேளாதவற்றுக்கு விலை கொடுத்துவிட்டு, கேட்டதை நேரத்தின் தயவுக்கு விடுவதா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுச் சுற்றுலாவைத் தொகுப்பாக வாங்கும்போது, விற்பவர் நம்மிடம் வருமான வரியையும் சேர்த்து வசூலித்து அரசுக்குச் செலுத்த வேண்டும் என்பது சட்டம். அது நம் பான் எண்ணின்கீழ் பதிவாகும். வருமான வரிப் படிவம் தாக்கல் செய்தால் சரிக்கட்டிக்கொள்ளலாம். வரி வரம்புக்குக் கீழே வருமானம் உள்ள முதியோர் பலர் படிவமே தாக்கல் செய்வதில்லை. அவர்களுக்கு அந்தப் பணம் போனது போனதுதான். தொகுப்புப் பயணத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

பயணத்தை நானே வகுத்துக்கொள்வதென்று தீர்மானித்தேன். விமானக் கட்டணத்தைப் பொறுத்தவரை தூரத்தைவிட நாள்தான் விலையை நிர்ணயிக்கிறது. ஒரே விமானம், ஒரே இருக்கை. வெள்ளிக்கிழமை ஒரு விலை, புதன்கிழமை ஒரு விலை. பள்ளி மூடிய முதல் வாரத்தில் எல்லோரும் வெளியே போகிறார்கள்; மே கடைசி வார இறுதியில் எல்லோரும் திரும்புகிறார்கள். நாங்கள் மே கடைசி வாரத்தை ஒட்டிப் போவதாக வைத்துக்கொண்டதால் போகும் சீட்டு இறங்கியிருந்தது. திரும்பும் சீட்டு சற்று ஏறியிருந்தது. திரும்புவதை வார இறுதியில் வைக்காமல் புதனுக்கு மாற்றியதில் அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி கழிந்துபோயிற்று. வியாழன் கிளம்பிப் புதன் திரும்புவது எங்களுக்கு வழக்கமான கிழமைக் கணக்குக்கு ஒத்துவராததுதான். ஆனால் ஆசிரியைக்கு விடுமுறையில் எல்லாக் கிழமையும் ஞாயிறே அல்லவா?

நம் ஊர் நாட்காட்டியை மட்டும் பார்த்தால் போதாது. போகிற ஊரின் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். இலங்கையில் ஏப்ரல் நடுவில் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு. அப்போது கடைகள் அடைபடும். பேருந்தும் ரயிலும் சொந்த ஊர் செல்வோரால் நிறைந்திருக்கும். மே மாதப் பௌர்ணமி வெசாக் திருநாள். 2025இல் அது மே 12ஆம் தேதி. மறுநாளும் அரசு விடுமுறை. அந்நாட்களில் வீதியெங்கும் விளக்கலங்காரமும், வருவோர் போவோர்க்கெல்லாம் ‘தன்சல்’ என்ற பெயரில் அன்னதானமும் நடைபெறும். காணத்தக்க காட்சிதான், ஆனால் அறை கிடைப்பது அரிது. யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாள் திருவிழா ஆடி, ஆவணியில் வரும். அப்போது கடல் கடந்து வாழும் யாழ்ப்பாணத்தார் குடும்பம் குடும்பமாக வந்து சேர்வார்கள். அந்த நாட்களில் சிக்கனம் பேசுவதில் பயனில்லை.

பருவக்காற்றும் விலையில் கை வைக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொழும்புப் பக்கம் பெய்யும். அப்போது நீர்கொழும்பு போன்ற மேற்குக் கரை ஊர்களில் சுற்றுலாப் பயணியர் குறைவு, அறை வாடகையும் குறைவு. அதே மாதங்களில் கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும். ஆகவே திருகோணமலையில் அதுதான் வருவாய்க் காலம். வார இறுதியில் கொழும்பிலிருந்து வருவோர் வேறு. எனவே ஞாயிறு, திங்கள் இரவுகளைத் திருகோணமலைக்கு ஒதுக்கினேன். ஞாயிறு மதியத்துக்கு மேல் கூட்டம் திரும்பத் தொடங்கிவிடுகிறது.

அடுத்தது வழி. கும்பகோணத்துக்கு அருகே இருப்பது திருச்சி விமான நிலையம். 2025 மார்ச் இறுதியில் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் தொடங்கியது. போகவும் வரவும் ஒரே ஊருக்குச் சீட்டு எடுப்பதே மலிவு என்று பலர் எண்ணுகிறார்கள். பல வழித்தடங்களில் இன்று அப்படி இல்லை. ஒருவழிச் சீட்டுகள் இரண்டாக எடுத்தாலும் ஏறக்குறைய அதே விலை. யாழ்ப்பாணத்தில் இறங்கி, மன்னார், திருகோணமலை பார்த்துவிட்டு, கொழும்பில் விமானம் ஏறினால் வந்த வழியே திரும்பும் ஒரு முழு நாள் மிச்சம். ஒரு நாள் என்பது ஓர் அறை வாடகையும் ஒரு நாள் வண்டி வாடகையும் ஆகும்.

நாகப்பட்டினம், காங்கேசன்துறைக் கப்பலையும் எண்ணிப் பார்க்காமல் இல்லை. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது அது. எங்களுக்கு நாகை கூப்பிடு தூரம். கட்டணமும் விமானத்தைவிடக் குறைவு. ஆனால் கடல் சீறினால் கப்பல் நின்றுவிடும். திரும்பி வரும் நாளில் கண்டிப்பு இல்லாதவர்களுக்கு அது நல்ல வழி. வரும் வாரம் பள்ளியில் ஆஜராக வேண்டியவரைக் கூட்டிக்கொண்டு போகிறவனுக்கு ஏற்றதன்று.

சீட்டு எடுக்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு விமானத்தின் இருக்கைகளெல்லாம் ஒரே விலைக்கு விற்கப்படுவதில்லை. குறைந்த விலையில் சில, அதற்கு மேல் சில என்று அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருப்பார்கள். குறைந்த அடுக்கில் இரண்டே இடம் மீதி இருக்கையில் நாம் மூவருக்குச் சேர்த்துக் கேட்டால், பெரும்பாலும் மூன்றுக்குமே மேலடுக்கின் விலையைக் காட்டும். அதனால் முதலில் ஒருவருக்கு என்று கேட்டுப் பார்க்க வேண்டும், பிறகு இருவருக்கு, பிறகு மூவருக்கு. விலை எந்த எண்ணிக்கையில் தாவுகிறது என்று தெரிந்துவிடும். நான் இருவருக்கு ஒரு முறையும் ஒருவருக்கு ஒரு முறையுமாகப் பதிவு செய்தேன். ஏழு வாரம் முன்னதாகவே பதிந்ததும் பயன் தந்தது. இடைத்தரகு இணையதளங்களில் விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாங்குவதை விமான நிறுவனத்திடமே நேராக வைத்துக்கொள்வது நல்லது. தேதி மாற வேண்டி வந்தால் ஒரே இடத்தில் பேசினால் போதும்.

பெயர் விஷயத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான். பாஸ்போர்ட்டில் சிலருக்குத் தந்தை பெயரும், சிலருக்குக் கணவர் பெயரும் விரிவாக அச்சாகியிருக்கும். ஆதாரில் வேறு மாதிரி, வங்கிக் கணக்கில் வேறு மாதிரி. பயணச்சீட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். பின்னால் திருத்தக் கேட்டால் கட்டணம், அலைச்சல், சில வேளை புதுச் சீட்டு. அக்காள் தங்கை இருவருக்கும் ஒருவருக்குத் தந்தை பெயர், மற்றவருக்குக் கணவர் பெயர் என்று இருந்தது. பாஸ்போர்ட்டுகளை மேசைமேல் விரித்து வைத்து, ஓர் ஆள் வாசிக்க ஓர் ஆள் தட்டச்சு செய்ய, காசோலை சரிபார்ப்பது போலச் சரிபார்த்தோம். இலங்கைக்குரிய நுழைவு அனுமதி விதிகள் அடிக்கடி மாறுவதால், அந்நாட்டு அரசின் இணையதளத்தில் மட்டுமே பார்த்து விண்ணப்பித்தேன். அரசுத் தளம்போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் பல உலவுகின்றன.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம், உணவுக்குத் தனிக் கட்டணம் என்று திரையில் ஒவ்வொன்றாக வரும். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். விமானம் ஏறும் முன் ஏதாவது ஓர் இருக்கை கட்டணமின்றித் தருவார்கள். புளியோதரையும் தயிர்சாதமும் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். ஒரேயொரு இருக்கைக்கு மட்டும் 350 ரூபாய் கொடுத்தேன். மைத்துனி அதுவரை விமானம் ஏறியதில்லை. பாக் நீரிணையைச் சன்னலோரம் அமர்ந்து அவர் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என் மனைவிக்குச் சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று பதியும்போதே குறித்துவிட்டேன். அதற்குக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு கேளாமல் இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

தங்குமிடத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் தம் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடும் குடும்பங்கள் உண்டு. நல்லூர்க் கோயிலுக்கு நடக்கும் தூரத்தில், தரைத்தளத்தில், இரண்டு அறைகள் நாளொன்றுக்கு நம் பணம் 2,800க்குக் கிடைத்தன. அக்காளும் தங்கையும் ஓர் அறை, நான் ஓர் அறை. இணையத்தில் காட்டிய விலையைவிட, தொலைபேசியில் பேசியபோது சற்றுக் குறைத்தார்கள். தமிழில் பேசி அறை பிடிக்கும் வசதி வேறெந்த வெளிநாட்டில் நமக்குக் கிடைக்கும்? ஆனால் நட்சத்திர விடுதிகளில் கேட்கும்போது, சொல்லும் வாடகை முழு வாடகைதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சேவைக் கட்டணம் 10 விழுக்காடும் அதன்மேல் வரியும் கடைசியில் சேர்க்கப்படுவது அங்கே வழக்கம். சொன்னது ஒன்றும் தந்தது ஒன்றுமாகிவிடும்.

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை விடுதிகளைப் பார்க்கவே இல்லை. நாங்கள் கடலாடப் போகவில்லையே. நகருக்குள்ளே சாதாரண விடுதியில் பாதிக்கும் குறைவான விலையில் அறை கிடைத்தது. கோயிலுக்கும் அதுவே கிட்டம். அறைகளையெல்லாம் கடைசி இரண்டு நாள் வரை கட்டணமின்றி ரத்து செய்யலாம் என்ற நிபந்தனையோடுதான் பதிந்தேன். திருப்பித் தரப்படாத அறை நூறு, இருநூறு மலிவாக இருக்கும். எழுபதை நெருங்குபவர்கள் அந்த இருநூறை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. காய்ச்சல் நாள் பார்த்து வருவதில்லை.

திருக்கேதீச்சரத்தில் மடங்கள் இருக்கின்றன. முன்கூட்டியே பேசி, ஓரிரவு தங்க இடம் கேட்டோம். வாடகை என்று யாரும் கேட்கவில்லை. இங்கே எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சிலருக்குப் பிடிக்காமலும் போகலாம். மடத்தில் தங்கினால் செலவில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டு வெளிநாட்டு யாத்திரை போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். விமானத்துக்குப் பணம் வைத்திருப்பவன் மடத்தின் திண்ணையில் சும்மா படுத்து எழுந்து வருவது முறையாகாது. அது கையில் ஒன்றுமில்லாமல் வரும் அடியாருக்காக யாரோ கட்டியது. வெளியே எளிய விடுதியில் தங்கினால் என்ன கொடுப்போமோ அதை, 3,000 ரூபாயை, திட்டத்திலேயே எழுதி வைத்திருந்தேன். அதை அன்னதானத்துக்கென்று செலுத்தினோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து நீர்கொழும்பு வரை ஒரே வேனை ஓட்டுநரோடு அமர்த்திக்கொண்டோம். எங்கள் செலவில் விமானத்துக்கு அடுத்த பெரிய தொகை அதுதான். இலங்கைப் பணம் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். அப்போது நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் பணம் ஏறக்குறைய மூன்றரை ரூபாய். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு இரவு ரயில் உண்டு. அதில் சென்றால் ஒரு நாள் வேன் வாடகையும் ஓரிரவு அறை வாடகையும் மிச்சமாகும். தலைக்கு மூவாயிரம் வரை குறைந்திருக்கும். என் மனைவியின் மூட்டை நினைத்து அதை வேண்டாமென்றேன். இரவு தூங்காமல் வந்து மறுநாள் விமான நிலைய வரிசையில் நிற்பது முதியோருக்கு ஆகாது. வேனில் வந்ததால் வழியில் சிலாபத்துக்கு அருகே முன்னேசுவரத்தையும் தரிசித்தோம். இது கணக்கில் இல்லாத வரவு.

ஓட்டுநர் யாழ்ப்பாணத்து இளைஞர். என் மனைவி வண்டியிலிருந்து இறங்கும்போதெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டு, “ஆறுதலாக இறங்குங்கோ அம்மா” என்பார். ஆறுதல் என்றால் நமக்குத் துக்கத்தில் சொல்லும் தேறுதல். அவர்களுக்கு மெதுவாக, அவசரமின்றி என்று பொருள். இரண்டாம் நாளிலிருந்து என் மனைவி என்னையும் ஆறுதலாக நடக்கச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

பணத்தை எந்த வடிவில் எடுத்துச் செல்வது என்பது என் பழைய தொழிலைச் சார்ந்தது. ஃபாரெக்ஸ் கார்டுகள் பெரும்பாலும் டாலர், பவுண்டு, யூரோ போன்றவற்றுக்கு ஏற்பட்டவை. டாலர் கார்டை இலங்கையில் தேய்த்தால் ரூபாயிலிருந்து டாலர், டாலரிலிருந்து இலங்கை ரூபாய் என்று இரண்டு முறை மாற்றுக் கூலி. நம் கிரெடிட் கார்டுகளில் பலவும் வெளிநாட்டுச் செலவுக்கு மூன்று விழுக்காட்டை ஒட்டிக் கூடுதல் கட்டணமும், அக்கட்டணத்தின்மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன. கடைக்காரர் கார்டைத் தேய்க்கையில் இயந்திரம், “இந்திய ரூபாயில் கணக்கிடலாமா?” என்று அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த அன்புக்கு விலை அதிகம். 2024 பிப்ரவரி முதல் இலங்கையில் நம் யுபிஐ செல்கிறது. கிளம்பும் முன் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிவைத்துக்கொண்டால், பெரிய கடைகளில் சிலவற்றில் அது கை கொடுக்கும். சிறிய உணவகங்களிலும் கோயில்களிலும் ரொக்கமே. யாழ்ப்பாணத்தில் வங்கியிலேயே மாற்றிக்கொண்டோம்.

காப்பீட்டில் நான் குறைக்கவில்லை. முன்பே உள்ள இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை மறைக்காமல் எழுதி, அவற்றுக்கும் பொருந்தும் திட்டமாகப் பார்த்து எடுத்தேன். மலிவான திட்டங்களில் பல, நாம் ஏற்கெனவே மருந்து சாப்பிடும் நோய்களை விலக்கிவிடுகின்றன. அறுபது வயதுக்கு மேல் மற்ற எந்த நோய்க்காக நாம் மருத்துவமனைக்குப் போகப்போகிறோம்?

நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். நம் பணம் முப்பது காசுக்கும் குறைவு. சீட்டை வாங்கிய மைத்துனி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செல்வந்தர் சீட்டு, சிறப்புத் தரிசனச் சீட்டு என்று பார்த்துப் பழகிய கண்களுக்கு அது நம்பத்தக்கதாய் இல்லை. ஆண்கள் எல்லோரும் மேலாடையின்றித்தான் உள்ளே செல்ல வேண்டும். குறித்த நேரத்துக்குக் குறித்த பூசை, மணி தவறுவதில்லை.

கேதீச்சரத்துக் கோயில் போர்த்துக்கீசியரால் அழிக்கப்பட்டு, பின்னர் எழுப்பப்பட்டு, போர்க் காலத்தில் வழிபாடு தடைப்பட்டு, அண்மையில் இந்திய அரசின் உதவியோடு கருங்கல் திருப்பணி முடிந்து 2022 ஜூலையில் குடமுழுக்குக் கண்டது. பாலாவித் தீர்த்தக் கரையில் மாலையில் காற்று வீசியது. எங்களைத் தவிர அங்கே பத்துப்பேர் இருக்கலாம். சந்நிதியில் அக்காளும் தங்கையும் பதிகத்தைச் சேர்ந்து ஓதினார்கள். அம்மா கற்றுக்கொடுத்த பண் அது. ஓதி முடித்ததும் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. மடத்துக்குத் திரும்பிய பின் மைத்துனி தன் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து அக்காளிடம் நீட்டினார். “நீயே எழுது” என்றாள் என் மனைவி. அம்மாவின் கையெழுத்துக்குக் கீழே தேதி விழுந்தது.

திருகோணமலையில் கோயில் இருப்பது பிரெடரிக் கோட்டைக்குள், கடலை நோக்கி நிற்கும் பாறையின் உச்சியில். கோட்டை வாயிலைக் கடந்தால் புள்ளிமான்கள் சாலையோரம் நிற்கின்றன. அங்கிருந்து மேடு. நடந்து ஏறுவோரே அதிகம். நாங்கள் முச்சக்கர வண்டி பிடித்துக்கொண்டோம். மிச்சம் பிடித்ததெல்லாம் இத்தகைய இடத்தில் யோசிக்காமல் கொடுப்பதற்குத்தானே. மாதுமையாள் உடனுறை கோணேசரை அன்று மாலையும் மறுநாள் காலையும் தரிசித்தோம். இரண்டு இரவு தங்கியதன் பலன் அதுதான். ஒரு நாளில் வந்து திரும்பும் தொகுப்புப் பயணத்தில் கிடைக்காதது. இராவணன் வெட்டு என்று காட்டும் பாறைப் பிளவின் அருகே நின்று கீழே பார்த்தால் கடல் வெகு ஆழத்தில் தெரிகிறது. என் மனைவி எட்டிப் பார்க்கவில்லை. அவள் தங்கை பார்த்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் கணக்கை ஒரு தாளில் எழுதி மைத்துனியிடம் கொடுத்தேன். தலைக்கு விமானம் இரு வழியும் 15,500. தங்குமிடம், மடத்துக் காணிக்கை உட்பட 6,333. வேன் 10,667. உணவு 3,500. காப்பீடும் இதரமும் 1,400. திருச்சிக்குப் போகவர 500. ஆக மொத்தம் 37,900 ரூபாய். மீதி 2,100ஐ உறையில் போட்டுத் தாளோடு வைத்திருந்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விடைத்தாள் திருத்துவதுபோல் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு நிமிர்ந்து, “அத்தான், சன்னல் இருக்கைக்கு 350 ரூபாய் கட்டினீர்களே, அது இதில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். அதை என் பங்கில் எழுதிக்கொண்டதாகச் சொன்னேன். “அதில் உட்கார்ந்து வந்தது நான்தானே” என்று சொல்லிவிட்டு, உறையைத் திறந்து 350 ரூபாயை எண்ணி மேசைமேல் வைத்தார். நானும் தாளில் 37,900ஐ அடித்து 38,250 என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.